பிள்ளை என்ன படிக்கட்டும்?

எட்டயபுரத்துக்கு யாத்திரையாக வருகிறவர்கள் இரண்டு இடங்களைப் பார்க்காமல் திரும்புவதில்லை. ஒன்று, 1882-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 11-ந் தேதி சுப்பிரமணிய பாரதியார் பிறந்த வீடு. மற்றொன்று, தமிழ் மக்கள் மனமுவந்து கொடுத்த பணத்தைக் கொண்டு கட்டி, 1947-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ராஜாஜி திறந்து வைத்த மணி மண்டபம். வந்தவர்கள் இரண்டையும் பார்த்துக் கைகூப்புகிறார்கள்; படம் எடுத்துக் கொள்கிறார்கள்; மத்தியான வெயிலைச் சற்றே நிந்தித்துவிட்டு மோட்டார் ஏறிப் போய்விடுகிறார்கள்.

இந்தப் பக்கத்தில் இருபது வருஷமாக உபாத்தியாயர் உத்தியோகம் பார்க்கிற எனக்கு, வெளியூரிலிருந்து வரும் நண்பர்களை அந்த வீட்டுக்கு அழைத்துப் போகும் பொறுப்பு அடிக்கடி ஏற்படுவதுண்டு. கவிதையைப் பற்றியும் தேச பக்தியைப் பற்றியும் நண்பர்கள் பேசிக் கொண்டிருப்பார்கள். என் மனத்தில் மட்டும் வேறொரு கேள்வி வந்து நிற்கும். "இந்த வீட்டுப் பிள்ளை சுப்பையாவைப் பார்த்து, 'அப்பா, உனக்கு என்ன படிக்க இஷ்டம்?' என்று யாராவது ஒருவர் கேட்டிருப்பார்களா?"

உபாத்தியாயர் புத்தி அப்படித்தான் போகும் என்று நேயர்கள் சிரிக்கலாம். ஆனால் விஷயம் சிரிக்கக் கூடியதன்று.

சுப்பையா ஐந்து வயதில் தாயாரை இழந்தவர். தகப்பனார் சின்னசாமி ஐயர் கணித சாஸ்திரத்திலும் யந்திர நுட்பங்களிலும் அபாரமான ஈடுபாடு உள்ளவர். எட்டயபுரத்திலேயே பஞ்சு அரைக்கும் ஆலை ஒன்றை ஏற்படுத்திப் பெருத்த நஷ்டத்துக்கு ஆளானார். தம்முடைய மகனாவது கணக்கும் இங்கிலீஷும் நன்றாகக் கற்று, உயர்ந்த பதவி வகிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். மகனுக்கோ செய்யுளைத் தவிர வேறொன்றிலும் மனம் செல்லவில்லை. பதினோராவது வயதிலேயே சமஸ்தானப் புலவர்கள் 'பாரதி' என்ற பட்டத்தை அந்தச் சிறுவனுக்கு அளித்தார்கள் என்பது பிரசித்தமான விஷயம். பிறகு திருநெல்வேலி ஹிந்து கலாசாலைப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். 1897-ல், படிப்பைத் தொடர உதவி வேண்டும் என்று ஜமீன்தாருக்குச் செய்யுளிலேயே விண்ணப்பம் எழுதினார். மறு வருஷம் தகப்பனார் காலமானார். பிள்ளை அத்தை வீட்டை நாடிக் காசிக்குப் போக வேண்டியதாயிற்று.

1910-ல் பாரதியார் தம்முடைய சுயசரிதையைச் செய்யுளாக எழுதினார். அப்பொழுதும், மனத்துக்கு ஒவ்வாத அந்தப் பள்ளிப் படிப்பின் மீது அவருக்கு இருந்த மனக்கசப்பு தீரவில்லை. தந்தை அதற்காகச் செலவழித்த பணம் வீண் என்றே அவர் எண்ணினார்.

சின்னசாமி ஐயரைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. பிள்ளை மேல் அவருக்கு இருந்த பிரியத்தில் குறைவு ஒன்றும் இல்லை. ஆனால் தகப்பனாருடைய ஆசையையும் பிள்ளையினுடைய மனப்போக்கையும் ஒரே பாயில் உட்கார வைத்துப் பேசுவதற்கு மூன்றாவது மனிதர் ஒருவர் அங்கே இல்லை. நான் எழுத வந்தது அந்த மூன்றாவது மனிதரைப் பற்றித்தான். நம்முடைய காலத்தில் அவருக்கு 'மாணவர் ஆலோசகர்' என்று பெயர்.

மேதைக்கும் வேண்டும்

"பாரதியாருக்கு ஆலோசகர் இல்லாததனால் என்ன கெட்டுவிட்டது? அவர் மகாகவி ஆகவில்லையா?" என்று சிலர் கேட்கலாம். ஆனார், வாஸ்தவம். மேதாவிகள் எந்தப் பாறையையும் பிளந்து கொண்டு வந்து விடுவார்கள் என்று நாம் சொல்லி ஆறுதல் அடைகிறோம். வராமற் போனவர்கள் எத்தனை பேர் என்பதற்குத்தான் கணக்கு இல்லை.

கணித மேதை ராமானுஜத்தை எடுத்துக் கொள்ளுங்கள். 1904-ல் கும்பகோணம் அரசாங்கக் கலாசாலையில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைத் தொட மனம் இல்லை. பரீட்சை தவறியது, உபகாரச் சம்பளம் போயிற்று. 1905-ல் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டணத்துக்கு ஓடிப் போனார். பிற்பாடு சென்னையில் பச்சையப்பன் கலாசாலையில் சேர்ந்தும் எப். ஏ. பரீட்சை தேறவில்லை. ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு கலாசாலைகள் அவரை 'தவறியவர்' என்று எழுதி அனுப்பிவிட்டன.

1910-ல் அவர் தம்முடைய நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக் கொண்டு திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டிப்டி கலெக்டராக இருந்த வி. ராமஸ்வாமி ஐயர் கணக்கில் தேர்ந்தவர். வாலிபர் கேட்டது ஒரு குமாஸ்தா வேலை. நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தவர், வேலையைக் கொடுத்து அந்தத் திறமையை அமுக்கிவிட மனமில்லாமல், சென்னையில் இருந்த கணித அன்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அதன் பிறகு நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவ், மாதம் 25 ரூபாய் தம் கையிலிருந்து கொடுத்து வந்தார். வாலிபர் கேட்டது ஒன்று. அவருக்கு வேண்டியிருந்தது வேறொன்று. அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்த டிப்டி கலெக்டர் அன்று செய்த காரியம், ஆலோசகருடைய காரியமேதான்.

சந்தையில் கற்ற பாடம்

இனி, என்னுடைய சொந்தக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லுவதற்கு வெட்கமாய்த்தான் இருக்கிறது.

நான் கணக்கு உபாத்தியாயர். சில வருஷங்களுக்கு முன்னால், நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். ஆடு வளர்க்கும் குடும்பம். அரைப் பரீட்சையில் கணக்கில் நூற்றுக்குப் பதினொரு மார்க் வாங்கினான். நான் சனிக்கிழமை தோறும் நடத்திய தனி வகுப்புக்கு அவன் ஒரு நாளாவது வந்தது கிடையாது. 'ஊர் சுற்றுகிறான்' என்று தீர்மானித்துக் கொண்டேன். விசாரிக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்தபோது, எழுந்து நின்ற அவனைப் பார்த்து, "நீ ஆடு மேய்க்கத்தான் லாயக்கு!" என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. திங்கட்கிழமை அவன் வரவில்லை. மறு வாரமும் வரவில்லை. நாளடைவில் வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு விழுந்தது. நாற்பத்தைந்து பிள்ளைகளில் ஒன்று குறைந்தது. அவ்வளவுதான்.

எட்டயபுரத்தில் சனிக்கிழமை தோறும் கூடுகிற ஆட்டுச் சந்தை தென் ஜில்லாக்களில் பெயர் பெற்றது. அந்தப் பையன் நின்று போய் இரண்டு வருஷம் கழித்து, நேர்த்திக் கடனுக்காக ஒரு கிடாய் வாங்க வேண்டும் என்று வந்த உறவினரோடு நான் அந்தச் சந்தைக்குப் போனேன். விடியற்கால இருட்டிலேயே கூட்டம் நெரிந்தது. ஒரு பக்கத்தில் வியாபாரிகள் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசிக் கொண்டிருந்தார்கள். நடுவில் ஓர் இளைஞன் நின்று, கையில் காகிதமோ பென்சிலோ இல்லாமல், "17 உருப்படி, உருப்படி 6,450. ஒரு லட்சத்து ஒன்பதாயிரத்து அறுநூற்றைம்பது. நூத்துக்கு ரெண்டு தரகு, ரெண்டாயிரத்து நூத்துத் தொண்ணூத்து மூணு. எடுங்க அண்ணாச்சி!" என்று சொல்லிக் கொண்டிருந்தான். நான் சந்தேகப்பட்டு என் டெலிபோனில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு ரூபாய் கூடத் தவறவில்லை.

அவன்தான், பதினொரு மார்க் வாங்கிய பையன்.

என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கும்பிட்டான். டீ வாங்கிக் கொடுத்தான். நான் மெள்ள, "ஏனப்பா, படிப்பை விட்டுவிட்டாய்?" என்று கேட்டேன்.

"அன்னைக்கு எங்க அப்பா வந்திருந்தாங்க சார்."

"எதற்கு?"

"பத்தாவதுக்கு அப்புறம் என்ன படிக்க வைக்கலாம்னு உங்ககிட்டக் கேக்கணும்னு நாந்தான் கூட்டியாந்தேன். வகுப்பு முடியட்டும்னு ஜன்னலுக்கு வெளியே நின்னுக்கிட்டிருந்தாங்க. நீங்க சொன்னதைக் கேட்டுட்டு, 'சாரே சொல்லிட்டாருல்ல, வாலே போவோம்'னுட்டாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னான்.

சனிக்கிழமைகளில் அவன் ஏன் வரவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அப்பாவுக்குக் கணக்கு வராது. தனியாகச் சந்தைக்குப் போனால் ஏமாற்றி விடுவார்கள். ஆகையால் வாரந்தோறும் பையன் கூடப் போயிருக்கிறான். இயற்கணிதத்தின் அடிப்படையை நான் சொல்லிக் கொடுத்ததெல்லாம் அந்தச் சனிக்கிழமைகளில்தான். அவனுக்குக் கணக்கு வராமல் இல்லை. நான் கணக்குச் சொல்லிக் கொடுத்த நேரத்தில் அவன் வேறோர் இடத்தில் கணக்குப் போட்டுக் கொண்டிருந்தான்.

ஒரு தகப்பன், தன் ஆயுளில் ஒரு நாள் பள்ளிக்கூடத்தைத் தேடி வந்து, பிள்ளையின் படிப்பைப் பற்றி யோசனை கேட்க நின்றார். அவருக்கு நான் சொன்ன யோசனை அந்த ஒரு வாக்கியந்தான்.

ஆலோசகர் என்ன செய்திருப்பார்?

அன்று அந்தப் பள்ளியில் ஓர் ஆலோசகர் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

முதலில், அவர் வருகைப் பதிவேட்டைப் பார்த்திருப்பார். 'வரவில்லை' என்பதை மட்டும் பார்க்காமல், எந்தக் கிழமையில் வரவில்லை என்று பார்த்திருப்பார். எப்பொழுதும் சனிக்கிழமை என்றால் அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். எப்பொழுதும் மாதக் கடைசி என்றால் வேறு காரணம். நன்றாகப் படித்த பெண் திடீரென்று மார்க் குறைந்தால் அதற்கொரு காரணம். காய்ச்சலைப் பார்த்ததும் வைத்தியர் நோயைத் தேடுவது போல, மார்க்கைப் பார்த்ததும் அதற்குப் பின்னால் இருப்பதைத் தேடுவது அவருடைய முதல் வேலை.

இரண்டாவதாக, பையனைத் தனியே அழைத்துப் பேசியிருப்பார். இந்தத் 'தனியே' என்பது முக்கியம். நாற்பத்தைந்து பேர் நடுவில் எந்தப் பிள்ளையும் தன் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லாது. அவன் சொன்னதை ஆசிரியர் அறையில் டீயோடு சேர்த்துப் பரிமாறாமல், தம்மிடமே வைத்துக் கொண்டிருப்பார். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்று தெரிந்தால் மட்டும், உரியவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். அதையும் பிள்ளைக்குத் தெரிவித்துவிட்டே செய்ய வேண்டும்.

மூன்றாவதாக, தகப்பனாரை வரவழைத்து நாற்காலி போட்டு உட்கார வைத்திருப்பார். வகுப்பை வேறு நாளுக்கு மாற்ற முடியுமா என்று என்னிடம் கேட்டிருப்பார். கேட்டிருந்தால் நான் மாற்றியிருப்பேன். எனக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை. யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நான்காவதாக, வழிகளைச் சொல்லியிருப்பார். இது சாமானியமான காரியம் அன்று. எட்டயபுரம் வட்டாரத்துப் பெற்றோருக்கு எதிரே நிற்கிற வழிகள் கண்ணுக்குத் தெரிந்தவையே: மழையை நம்பிய கரிசல் நிலம், தறி, கோவில்பட்டிப் பக்கத்துத் தீப்பெட்டித் தொழில், தூத்துக்குடியில் உப்பளம் அல்லது துறைமுகம். தூத்துக்குடியில் 1977-லிருந்து மீன்வளக் கல்லூரி இருக்கிறது, கிள்ளிகுளத்தில் வ. உ. சி. பெயரால் விவசாயக் கல்லூரி இருக்கிறது; திருநெல்வேலிக்கு அருகே இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆட்டைத் தொட்டுப் பார்த்தே எடை சொல்லும் குடும்பத்துப் பிள்ளை கால்நடை மருத்துவம் படித்தால் எப்படியிருக்கும்! ஆனால் அதற்குப் பதினோராம் வகுப்பில் உயிரியல் எடுத்திருக்க வேண்டும். பதினைந்து வயதில், பள்ளி திறக்கிற அவசரத்தில், சிநேகிதன் சேர்ந்தான் என்று வேறு பிரிவில் சேர்ந்தால் அந்தக் கதவு சாத்திக் கொள்ளும். சாத்திய பிறகுதான் அப்படி ஒரு கதவு இருந்தது என்பதே பலருக்குத் தெரிய வருகிறது.

பரீட்சையில் தவறியவர்களுக்கும் வழி உண்டு. முடிவு வெளியான சில வாரங்களிலேயே துணைத் தேர்வு நடக்கிறது. அதில் தேறினால் வருஷம் வீணாகாமல் மேலே படிக்கலாம். தொழிற்பயிற்சி நிலையங்களில் சில தொழில்களுக்கு எட்டாம் வகுப்புத் தேறியிருந்தாலே போதும். இந்த இரண்டு வாக்கியங்களையும் பரீட்சை முடிவு வருவதற்கு முந்தின நாள் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லி வைத்தால், மறு நாள் எத்தனையோ வீடுகளில் விபரீதம் நேராமல் தடுக்கலாம். மனம் நொந்த பிள்ளைகளும் பெற்றோரும் எந்த நேரத்திலும் கட்டணமின்றிப் பேசுவதற்கு 14416 என்ற டெலிபோன் எண் 2022-லிருந்து நாடு முழுவதும் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று 2018-ல் ஏற்பட்ட எண் 14417. இவற்றை வீட்டுச் சுவரில் எழுதி வைப்பதில் அவமானம் ஏதும் இல்லை.

"சாப்பிட்டாயா?"

"இதையெல்லாம் உபாத்தியாயரே செய்யக் கூடாதா?" என்று கேட்கலாம். கூடிய மட்டும் செய்யத்தான் வேண்டும்.

எங்கள் பள்ளியில் என்னுடன் வேலை பார்த்த ஆசிரியை ஒருவர், ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி நான்கு நாளாய் மத்தியானச் சாப்பாட்டைத் தொடாமல் மூடி வைப்பதைக் கவனித்தார். "சாப்பிட்டாயா?" என்று கேட்டார். அந்த ஒரு வார்த்தைக்கே அந்தப் பெண் அழுதுவிட்டாள். வீட்டில் கல்யாணம் நிச்சயம் செய்திருந்தார்கள். பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசினோம். பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது 2006-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம் என்று சொன்னோம். 1098 என்ற எண்ணுக்குச் செய்தி போனால் அதிகாரிகள் வந்து நிறுத்துவார்கள் என்றும் சொன்னோம். அவர்கள் முகம் மாறவில்லை. ஆனால், சர்க்கார் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்ணுக்கு 2022-லிருந்து மாதம் 1,000 ரூபாய் நேரே அவளுடைய பாங்குக் கணக்கில் வருகிறது என்று சொன்னபோது, தாயார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது எங்களுக்கு யாரும் சொல்லலையே!" என்றார். கல்யாணம் நின்றது. பெண் பன்னிரண்டாவது தேறினாள்.

ஆனாலும், உபாத்தியாயரால் எப்பொழுதும் இது முடியாது. அதற்குக் காரணம் நேரக் குறைவு மட்டும் அன்று. நாங்கள் மார்க் போடுகிறவர்கள். மார்க் போடுகிற கையைப் பார்த்துப் பிள்ளைகள் பயப்படுவார்கள்; அந்தக் கையிடம் மனத்தைத் திறந்து காட்ட மாட்டார்கள். ஆலோசகர் மார்க் போடுவதில்லை; பிரம்பு எடுப்பதில்லை; தலைமை ஆசிரியருக்கு ஒற்றன் வேலை பார்ப்பதில்லை. ஆகையினால்தான் அவரிடம் பேச முடிகிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கட்டாயக் கல்வி உரிமையை அளிக்கும் 2009-ஆம் வருஷத்துச் சட்டம் ஆறு வயது முதல் பதினான்கு வயது வரைதான் பிள்ளையைப் பிடித்து நிறுத்துகிறது. எட்டாம் வகுப்போடு சட்டத்தின் கை எடுபட்டுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிள்ளையைப் பள்ளியில் நிறுத்துவது, அவனுடைய ஆசையும் வீட்டாருடைய நம்பிக்கையுமே. சட்டம் விட்ட இடத்தில் யாராவது ஒருவர் பிடித்துக் கொள்ள வேண்டியிருக்கிறது.

பழைய யோசனை, புதிய தீர்ப்பு

இந்த யோசனை புதிது அன்று. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் பிராங்க் பார்ஸன்ஸ் என்பவர் 1908-ல், தொழில் தேடும் வாலிபர்களுக்கு யோசனை சொல்ல ஒரு நிலையம் வைத்தார். முதலில் தன்னை அறிந்து கொள். பிறகு தொழில்களை அறிந்து கொள். அப்புறம் இரண்டையும் பொருத்திப் பார் என்பதே அவருடைய முறை. கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற நாம், ஆயுள் முழுவதும் கூட வரப் போகிற தொழிலுக்கு ஒரு பொருத்தமும் பார்ப்பதில்லை.

நம் நாடு சுதந்திரம் அடைந்ததும், உயர்நிலைப் படிப்பைப் பற்றி ஆராய ஒரு கமிஷன் 1952-ல் ஏற்பட்டது. அதன் தலைவர், சென்னைச் சர்வகலாசாலையின் துணைவேந்தர் டாக்டர் ஏ. லக்ஷ்மணசாமி முதலியார். பள்ளிகளில் பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் வேண்டும் என்று அந்தக் கமிஷன் 1953-லேயே சொல்லிற்று. 1964 முதல் 1966 வரை வேலை செய்த கோத்தாரிக் கமிஷன், குறைந்த பட்சம் பத்து உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஓர் ஆலோசகராவது சுற்றி வரட்டும் என்று இறங்கி வந்து கேட்டது. மனோதத்துவ நிபுணரை ஏற்றிக் கொண்டு பள்ளி பள்ளியாகப் போகும் வண்டிகளைத் தமிழ்நாடு சர்க்கார் 2013-ஐ ஒட்டி ஏற்படுத்தியது. நல்ல காரியந்தான், மாநிலம் முழுவதற்கும் பத்தே வண்டிகள். 2022 மார்ச்சில் 'நான் முதல்வன்' திட்டம் ஆரம்பமாயிற்று. மேற்படிப்பைப் பற்றியும் தொழில்களைப் பற்றியும் சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளின் காதில் இப்போது ஏதாவது விழுகிறது. முன்னைக்கு இது எவ்வளவோ மேல்.

2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு இன்னும் ஒரு படி மேலே போயிற்று. விசாகப்பட்டணத்தில் பரீட்சைக்குத் தயார் செய்து கொண்டிருந்த ஒரு மாணவியின் மரணத்தை விசாரித்தபோது, நாடு முழுவதற்கும் பதினைந்து விதிகளைக் கோர்ட்டு வகுத்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் எந்த ஸ்தாபனத்திலும், பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. மார்க்கைக் கொண்டு பிள்ளைகளைப் பலர் முன்னிலையில் அவமானப்படுத்தலாகாது என்பது இன்னொன்று. பத்திரிகையில் அந்த இரண்டாவது விதியைப் படித்தபோது, என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல் இருந்தது.

விசாகப்பட்டணம் என்ற பெயரைக் கண்டதும் ராமானுஜமும் நினைவுக்கு வந்தார். 1905-ல் பரீட்சை தவறிய வாலிபர் ஓடிப் போனதும் அதே ஊருக்குத்தான். அவர் திரும்பி வந்தார். எல்லோரும் திரும்பி வருவதில்லை.

விதி எழுதியாகிவிட்டது. இனி, ஆள் வர வேண்டும். எல்லாப் பள்ளிக்கும் ஆள் வருகிற வரையில் என்ன செய்வது? ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் அறையை, அறை இல்லாவிட்டால் ஒரு மரத்தடியை, வாரத்தில் ஒரு மணி நேரம் இதற்கென்று ஒதுக்கலாம். பொறுமையுள்ள ஆசிரியர் ஒருவருக்கு அந்த நேரத்தில் வேறு வேலை கொடுக்காமல் விடலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற தாய்மார்கள், "எங்கள் பள்ளிக்கு ஆலோசகர் எப்போது வருவார்?" என்று கூட்டந்தோறும் கேட்கலாம். வீட்டில் தகப்பனார், மார்க் எத்தனை என்று கேட்பதற்கு முன்னால், இன்றைக்கு எது பிடித்தது என்று கேட்கலாம்.

மறுபடியும் ஜன்னல்

கதையை முடித்து விடுகிறேன். சந்தையில் நான் சந்தித்த பையன் மறுபடி பள்ளிக்கு வரவில்லை. தனித் தேர்வு எழுதலாம் என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். சிரித்துக் கொண்டே மறுத்துவிட்டான். வியாபாரம் நன்றாக நடக்கிறது என்றான். அதை நான் திருப்பிக் கொடுக்க முடியாது.

ஆனால் சென்ற ஜூன் மாதம் அவனாகவே என்னைத் தேடி வந்தான். கூட, பத்தாவது தேறிய தங்கை. "இவ எந்த குரூப் எடுத்தா ஆட்டு டாக்டருக்குப் படிக்கலாம் சார்?" என்று கேட்டான். இரண்டு நாற்காலி போட்டு இருவரையும் உட்காரச் சொன்னேன். கால்நடை மருத்துவம் என்று வாய் வரை வந்துவிட்டது. அடக்கிக் கொண்டு, "நீ என்னம்மா படிக்க ஆசைப்படுகிறாய்?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில், "எனக்கு ஆடுன்னாலே பிடிக்காது சார். கணக்குத்தான் பிடிக்கும்" என்றாள்.

அண்ணன் திகைத்துப் போனான். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கணக்கும் உயிரியலும் இரண்டும் உள்ள பிரிவு ஒன்று இருக்கிறது, அதை எடுத்தால் இப்போதைக்கு எந்தக் கதவும் சாத்தாது, இரண்டு வருஷத்தில் அவளே தீர்மானிக்கட்டும் என்று விளக்கினேன். "எதற்கும் அப்பாவையும் ஒரு தடவை அழைத்து வாருங்கள்" என்றேன்.

மறு நாள் வந்தார். நரை தட்டிய மனிதர், தோளில் துண்டு. பழைய வழக்கப்படி ஜன்னலுக்கு வெளியே போய் நின்று கொண்டார். நான் எழுந்து போய், கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தேன்.